கொடியைச் சாம்பல் நிறத்தில் காட்டாதீர்கள்: படக் காப்பகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மௌனப் படச் சுருள்களைக் காத்துவரும் காப்பகத்தாருக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1906இல் எடிசன் கம்பெனி 'த்ரீ அமெரிக்கன் பியூட்டீஸ்' என்று ஒரு துண்டுப்படம் எடுத்தது. ஒரு ரோஜா, அது மெல்லக் கரைந்து ஓர் இளம்பெண், அவளும் கரைந்து காற்றில் படபடக்கிற அமெரிக்கக் கொடி. அவ்வளவுதான் படம்! ஆனால் நெகட்டிவே தேய்ந்துபோய் மறுபடி எடுக்க வேண்டிய அளவுக்கு ஓடியது. ஃபிலிம் சுருளின் மேலேயே கையால் பூசிய சிவப்பும் நீலமும் இல்லாவிட்டால் இப்படி ஓடியிருக்குமா, சந்தேகம்தான். அந்தக் காலத்து ஃபிலிமில் சிவப்பு கறுப்பாகப் பதியும், நீலம் வெளிறிவிடும். அதனால் கறுப்பு வெள்ளையில் பார்த்தால் கருத்த பட்டைகளும் வெளுத்த மூலையுமாக ஏதோ ஒரு துணி ஆடும். அதைப் பார்த்து எவன் கைதட்டுவான்?

தீப்பிடிக்கிற நைட்ரேட் சுருளிலிருந்து பாதுகாப்பான ஃபிலிமுக்கு மாற்றிய காலத்தில், பல காப்பகங்கள் வண்ணப் பிரதிகளையும் கறுப்பு வெள்ளையிலேயே நகலெடுத்தன. செலவு, வண்ண நகல் மங்கிவிடும் என்ற பயம், எல்லாம் புரிகிறது. சரி, இப்போதுதான் நல்ல ஸ்கேனர்கள் வந்துவிட்டனவே. வண்ணப் பிரதி கையில் இருந்தும் கறுப்பு வெள்ளை நகலை ஏன் திரையிடுகிறீர்கள்?

அப்புறம், கோட்டைத் தாண்டி வழிந்த சாயத்தைக் கணினியில் துடைத்துச் 'சுத்தம்' செய்ய வேண்டாம். பாரிஸில் பிரெஞ்சு இயக்குநர் மெலியஸின் படங்களுக்கு நிறம் பூசிய எலிசபெத் துய்யியேயின் பட்டறையில் இருநூறு பெண்களுக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஒருத்திக்கு ஒரு நிறம்தான், அவள் முடித்ததும் சுருள் அடுத்தவளிடம் போகும். நொடிக்கு 16 கட்டம் (ஃபிரேம்) என்று வைத்தால்கூட ஒரு நிமிடத்துக்கு 960 கட்டங்கள், ஒவ்வொன்றும் தபால்தலை அளவு. அதில் தூரிகை கொஞ்சம் நழுவாமல் இருக்குமா!

இப்படி நிறம் பூசிய தூரிகை ஒன்று கொடியையே மாற்றியும் இருக்கிறது. மெலியஸின் 1902ஆம் ஆண்டு நிலாப் பயணப் படத்தின் வண்ணப் பிரதி ஒன்று 1993இல் பார்சிலோனா காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. ராக்கெட் கிளம்பும் காட்சியில் அசைகிற கொடியில் ஸ்பெயினின் சிவப்பும் மஞ்சளும்! படம் பிரெஞ்சுக்காரர்களுடையது, ஸ்பெயின் கொட்டகைக்காக யாரோ கொடியை மாற்றிப் பூசிவிட்டார்கள். கறுப்பு வெள்ளை நகல் மட்டும் மிஞ்சியிருந்தால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது.

ஆகவே வண்ணப் பிரதியையே ஸ்கேன் செய்து, வழிந்தது வழிந்தபடி காட்டுங்கள். கூடவே அறிமுக அட்டையில், இயக்குநர் பெயருக்குக் கீழே, நிறம் பூசிய பட்டறைப் பெண்களுக்கும் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய படங்களைத் தேடிப் பார்க்கும் ஒரு ரசிகன்