லாரி ஜான்சன் தேங்கிவிட்டவர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பெயரில் மட்டுமே கால் இருந்து, கையால் எறிந்தும் மார்போடு அணைத்து ஓடியும் ஆடப்படும் இந்த ஆட்டத்தைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த முன்வந்ததற்கு முதலில் நன்றி. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைப் பற்றியும் தலைமைப் பயிற்சியாளர் ரையன் டேயைப் பற்றியும் கட்டுரையாளர் எழுதியவற்றில் எனக்குக் குறை ஏதுமில்லை. ஆனால் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அணியின் தடுப்பு வரிசைப் பயிற்சியாளர் லாரி ஜான்சனுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஒரே வாக்கியம், அவரை 'வாழ்நாள் முழுவதும் உதவியாளராகவே தேங்கிவிட்டவர்' என்று குறித்திருந்தது. அந்த அணியின் ஊரான கொலம்பஸ் நகரில் பல ஆண்டுகளாக வசித்து, அந்த அணியின் ஆட்டங்களை மைதானத்திலும் வீட்டிலுமாகத் தவறாமல் பார்த்து வருபவன் நான். அந்த ஒரு சொல்லுக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தடுப்பு வரிசை என்பது என்ன வேலை என்று கட்டுரையில் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் 'தேங்கிவிட்டவர்' என்று எழுதக் கட்டுரையாளருக்கே கை வந்திருக்காது என்று நினைக்கிறேன். எதிரணி பந்தை வைத்திருக்கும்போது அதன் முன் வரிசைக்கு நேர் எதிரே, கையைப் புல்லில் ஊன்றிக் குனிந்து நிற்கும் நால்வரே பெரும்பாலும் இந்த வரிசை. நடுவில் நிற்கும் இருவர் 135 கிலோ அளவுக்குக் கனத்தவர்கள். ஓரத்தில் நிற்கும் இருவர் எடையில் சற்றுக் குறைந்து வேகத்தில் மிகுந்தவர்கள். பந்து பின்னால் கொடுக்கப்பட்ட கணத்திலிருந்து குவார்ட்டர்பேக் அதை எறியும் வரை பெரும்பாலும் மூன்று வினாடிகூட ஆவதில்லை. அதற்குள் தன்னைவிடக் கனமான ஒருவனின் கைகளை உதறி, அவனைச் சுற்றியோ ஊடுருவியோ சென்று, எறியப்போகிறவனைத் தரையில் வீழ்த்த வேண்டும். அதைத்தான் 'சாக்' என்கிறார்கள். எவன் கை முதலில் எதிராளியின் நெஞ்சுக்குள் புகுகிறதோ அவனுக்கே பிடி கிடைக்கிறது. ஆகவே இந்தப் பயிற்சியாளர்கள் தசையைவிடக் கைக்கும் கால் வைப்புக்கும்தான் அதிக நேரம் செலவிடுகிறார்கள்.

இதை நான் அருகிலிருந்து பார்த்தது என் மகன் தன் பள்ளி அணியில் இந்த வரிசையில் ஆடிய இரண்டு பருவங்களில். பயிற்சியாளர் ஒரு குச்சியின் நுனியில் பந்தைப் பொருத்தித் தரையை ஒட்டிப் பிடித்திருப்பார். குச்சி அசைந்தால் பாய வேண்டும். அசைப்பதற்கு முன்னால் வேண்டுமென்றே குவார்ட்டர்பேக்கைப் போல இரண்டு மூன்று முறை சத்தம் கொடுப்பார். குரலை நம்பிப் பாய்ந்தால், ஆட்டமாக இருந்திருந்தால் ஐந்து கெஜம் தண்டம். முதல் வாரம் முழுவதும் என் மகன் குரலை நம்பியே பாய்ந்து, பாய்ந்த ஒவ்வொரு முறையும் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தான். மூன்றாவது வாரத்தில் அவன் கண் பந்தைவிட்டு நகரவில்லை. காது கேளாதவன் போல நின்றான். கேட்கும் காதை அடைத்து, பார்க்கும் கண்ணை மட்டும் உடம்போடு இணைக்கிற அந்தச் சின்ன வேலையை, பல்கலைக்கழக மட்டத்தில் மட்டும் 30 பருவங்கள் செய்தவர் ஜான்சன்.

அவர் 1952ஆம் ஆண்டு வட கரோலினாவின் வில்லியம்ஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். நிறவெறிச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த தென் மாநிலம் அது. அவர் படித்து விளையாடிய எலிசபெத் சிட்டி மாநிலப் பல்கலைக்கழகம், கறுப்பின மாணவர்களுக்கென்றே தோன்றிய கல்லூரிகளுள் ஒன்று. படிப்பு முடிந்த பின் ஏறத்தாழ 20 ஆண்டுகள் மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளிகளில் பயிற்சியாளராக இருந்தார். பென்சில்வேனியாவின் பென் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டெர்னோ அவரைச் சேர்த்துக்கொண்ட 1996ஆம் ஆண்டில் அவருக்கு வயது 44. அந்த வயதில் பலர் தலைமைப் பயிற்சியாளர் பதவியை ஒருமுறை பெற்று இழந்தும் இருப்பார்கள். இவர் அப்போதுதான் கல்லூரி ஆட்டத்துக்குள் காலடி வைத்தார்.

அடுத்த நான்காவது ஆண்டில், அதாவது 2000ஆம் ஆண்டு, அவரிடம் பயின்ற கோர்ட்னி பிரௌன், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை ஆண்டுதோறும் முறைவைத்து எடுக்கும் வீரர் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டார். 2003ஆம் ஆண்டுத் தேர்வு இன்னும் சுவையானது. பென் மாநில அணியின் தடுப்பு வரிசையிலிருந்து ஜிம்மி கென்னடி 12ஆவது இடத்திலும் மைக்கேல் ஹெய்ன்ஸ் 14ஆவது இடத்திலும் போக, அதே முதல் சுற்றில் 27ஆவது ஆளாகத் தேர்வானவர், முந்தைய பருவத்தில் பந்தோடு 2,087 கெஜம் ஓடியிருந்த லாரி ஜான்சன் என்ற இளைஞர். ஆம், பயிற்சியாளரின் மகன்தான். ஒரே நாளில் இரண்டு மாணவர்களும் ஒரு மகனும் முதல் சுற்றில் தேர்வானதைப் பார்த்த தந்தையர் இந்த ஆட்டத்தின் வரலாற்றில் எத்தனை பேர் இருப்பார்கள்?

தம்பா ஹாலியின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. லைபீரியாவின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி, 10 வயதில் நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்த சிறுவன் அவர். இந்த ஆட்டம் என்றால் என்னவென்றே தெரியாமல் வந்தவர். பென் மாநிலத்தில் அவரை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினார்கள். 2006ஆம் ஆண்டுத் தேர்வில் 20ஆவது ஆளாகக் கன்சாஸ் சிட்டி அணிக்குப் போய், ஓய்வு பெறும் வரை அங்கேயே ஆடி, 89.5 சாக்குகள் குவித்தார். கை வீச்சின் நுணுக்கத்துக்குப் பெயர் பெற்றவர் அவர். அந்தக் கையைப் பழக்கியவர்களின் பட்டியலை எழுத வேண்டுமென்றால் ஜான்சனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எல்லாரும் அப்படி ஆகிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையேல் இது புகழ்மாலையாகிவிடும். கோர்ட்னி பிரௌனின் தொழில்முறை வாழ்க்கையைக் காயங்கள் தின்றுவிட்டன. 2009ஆம் ஆண்டு 11ஆவது ஆளாக எடுக்கப்பட்ட ஆரன் மேபின், பஃபலோ அணியில் ஆடிய இரண்டு பருவங்களில் ஒரு சாக்கைக்கூடப் பதிவு செய்யவில்லை. கல்லூரியில் மூன்று ஆண்டு கையில் இருப்பவனைத்தான் பயிற்சியாளர் செதுக்க முடியும். அதற்குப் பிறகு நடப்பது வேறொருவர் பொறுப்பு.

இனி 'உதவியாளர்' என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்தால் தமிழ் வாசகருக்கு அது தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பவர் போலத் தொனிக்கும். உண்மையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் தடுப்பு வரிசைப் பயிற்சியாளருக்கென்று தனி அறை, தனிப் பாடம், தனி மாணவர்கள் உண்டு; பதினேழு வயதுப் பையன்களின் வீடுகளுக்குப் போய்த் தாய் தந்தையரிடம் பேசி, அவர்களைத் தம் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வருவதும் அவர் வேலைதான். ஜான்சனின் ஊதியம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் அது வெளிப்படையான கணக்கு. வேலை நிலையில்லாதது என்பதும் உண்மை. தலைமைப் பயிற்சியாளர் வெளியேறினால் புதிதாக வருபவர் தம் ஆட்களைக் கூட்டி வருவார், பழையவர்கள் வீட்டை விற்றுவிட்டு வேறு மாநிலம் பார்ப்பார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளைகளின் பள்ளியை மாற்றாத பயிற்சியாளர் குடும்பத்தைக் காண்பது அரிது.

அத்தகைய தொழிலில் ஜான்சன் 30 பருவங்களை இரண்டே பல்கலைக்கழகங்களில் கழித்திருக்கிறார்: பென் மாநிலத்தில் 1996 முதல் 2013 வரை 18, ஒஹாயோ மாநிலத்தில் 2014 முதல் 2025 வரை 12. பென் மாநிலத்தில் முன்பு பணியாற்றிய ஒரு பயிற்சியாளரின் சிறார் வன்கொடுமைக் குற்றங்கள் 2011ஆம் ஆண்டு வெளிவந்தபோது பட்டெர்னோ நீக்கப்பட்டார். மறு ஆண்டு அந்த அணிக்கு 6 கோடி டாலர் அபராதமும் நான்கு ஆண்டுத் தடைகளும் விதிக்கப்பட்டன. வீரர்கள் விரும்பினால் உடனே வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்றும் அனுமதி தரப்பட்டது. புதிதாகப் பொறுப்பேற்ற பில் ஓ'பிரையன், பழைய குழுவிலிருந்து வைத்துக்கொண்ட இருவரில் ஒருவர் ஜான்சன். 2014 ஜனவரியில் ஓ'பிரையன் ஹூஸ்டன் தொழில்முறை அணிக்குப் போனபோது இடைக்காலப் பொறுப்பு ஜான்சனிடம் வந்தது. சில நாட்களில் நிரந்தரப் பதவி ஜேம்ஸ் ஃபிராங்க்ளினுக்குப் போனது. அதே ஓ'பிரையன் ஒஹாயோ மாநிலத்தின் தடுப்பு வரிசைப் பயிற்சியாளராக இருந்த மைக் வ்ரேபலை ஹூஸ்டனுக்கு அழைத்துக்கொள்ள, அங்கே காலியான நாற்காலியில்தான் ஜான்சன் வந்து அமர்ந்தார்.

வந்த முதல் பருவத்திலேயே, 2015 ஜனவரியில், ஓரிகன் அணியை 42–20 என்று வென்று ஒஹாயோ மாநிலம் நாட்டு வாகையரானது. ஜோயி போசா, அவர் தம்பி நிக் போசா, சேஸ் யங் ஆகிய மூவரும் அவரிடம் பயின்று, முறையே 2016, 2019, 2020ஆம் ஆண்டுகளில் தொழில்முறை ஆட்டத்தின் சிறந்த அறிமுகத் தடுப்பாட்டக்காரர் விருதைப் பெற்றார்கள். சேஸ் யங் கல்லூரியில் 2019ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் எடுத்த 16.5 சாக்குகள் பல்கலைக்கழகச் சாதனை. அவர் மேரிலாந்துப் பையன் என்பதையும், ஜான்சன் பள்ளிப் பயிற்சியாளராக அலைந்த மண் அதுதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 20 பள்ளி ஆண்டுகள் வீண் போகவில்லை என்பது புரியும்.

என் வாதத்துக்கு இவற்றைவிட வலுவான சான்று வேறொன்று. ஒஹாயோ மாநிலத் தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மையர் விலகி 2019ஆம் ஆண்டு ரையன் டே பொறுப்பேற்றபோது தடுப்பாட்டப் பயிற்சியாளர்கள் அனைவரையும் மாற்றினார், ஒருவரைத் தவிர. 2021ஆம் பருவத்துக்குப் பின் மீண்டும் அனைவரையும் மாற்றினார், அதே ஒருவரைத் தவிர. வீட்டை இரண்டு முறை காலி செய்தபோதும் நகர்த்தப்படாமல் நின்ற தூணைத் தேக்கம் என்று சொல்வார்களா?

குறை சொல்லப்படாதவர் அல்லர் அவர். 2021ஆம் ஆண்டு மிச்சிகனிடம் 42–27 என்று தோற்ற ஆட்டத்தில் எதிரணி 297 கெஜம் ஓடியது; முன் வரிசை அமிழ்ந்துபோனதைப் பனியில் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். எட்டு, ஒன்பது பேரை மாற்றி மாற்றி இறக்கும் அவருடைய பழக்கம் நல்லவனை முக்கியமான நேரத்தில் வெளியே உட்கார வைத்துவிடுகிறது என்று இந்த ஊர்த் தேநீர்க்கடை வரை பேச்சு உண்டு, நானும் பேசியிருக்கிறேன். 2024ஆம் பருவத்தின் இறுதியில் அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது. ஓரிகனை 41–21 என்று வென்ற காலிறுதியில் எட்டு சாக்குகள்; எதிரணி பந்தோடு ஓடிய கெஜங்களின் கணக்கு, பின்னுக்குத் தள்ளப்பட்டதைக் கழித்தால், பூஜ்யத்துக்கும் கீழே போனது.

அரையிறுதியில், 2025 ஜனவரி 10 அன்று, டெக்சஸ் அணி ஏழு புள்ளி பின்தங்கிய நிலையில் புள்ளி எடுக்கும் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் நின்றது. அடுத்தடுத்த முயற்சிகளில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கடைசியான நான்காவது முயற்சியை எட்டு கெஜத்திலிருந்து ஆட வேண்டியதாயிற்று. ஓரத்திலிருந்து பாய்ந்த ஜாக் சாயர், குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, தானே எடுத்துக்கொண்டு 83 கெஜம் ஓடிப் புள்ளி எடுத்தார். வீழ்த்தப்பட்ட குவின் யூவர்ஸ், ஒரு காலத்தில் சாயருடன் கொலம்பஸில் அறை பகிர்ந்தவர். அந்த மாதம் 20ஆம் நாள் அட்லாண்டாவில் நாட்டர் டேமை 34–23 என்று வென்று மீண்டும் வாகை. அப்போது ஜான்சனுக்கு வயது 72. அந்தப் பருவத்தின் முன் வரிசை நால்வரும் அடுத்த வீரர் தேர்வில் எடுக்கப்பட்டார்கள்.

கடைசியாக ஒன்று. தலைமைப் பயிற்சியாளராக இந்த மனிதர் ஆகாததற்கு அவருடைய திறமைக் குறைவு காரணம் என்ற எண்ணம் 'தேங்கிவிட்டவர்' என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. வீரர்களில் ஏறத்தாழப் பாதியினர் கறுப்பினத்தவராக இருக்கும் இந்த ஆட்டத்தில் தலைமைப் பயிற்சியாளர்களில் கறுப்பினத்தவர் இன்றும் சிலரே. 2020 டிசம்பர் 5 அன்று, ரையன் டே கொரோனா தொற்றால் வர இயலாதபோது, மிச்சிகன் மாநில அணிக்கு எதிராக ஜான்சன் ஒரு நாள் தலைமையேற்றார். ஒஹாயோ மாநிலக் கால்பந்து அணியை ஓர் ஆட்டத்தில் வழிநடத்திய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். தொற்றுக் காலமாதலால் பார்வையாளர் இல்லாத வெற்று மைதானத்தில் அவருடைய அணி 52–12 என்று வென்றது. எனக்குத் தெரிந்தவரை, கல்லூரி மட்டத்தில் அவர் தலைமையேற்ற ஆட்டம் அது ஒன்றுதான்; அதில் வெற்றிதான், தோல்வி இல்லை.

ஆகவே கட்டுரையின் இணையப் பதிப்பிலாவது 'உதவியாளராகவே தேங்கிவிட்டவர்' என்ற தொடரை நீக்கி, 'தடுப்பு வரிசைப் பயிற்சியாளர்' என்று அவருடைய பணியின் பெயரை மட்டும் இட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கொலம்பஸ், ஒஹாயோ.