ஏரித் தண்ணீருக்கு 48 மணி நேரச் சோதனை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் உங்கள் கடலூர் பதிப்பில் எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. மழைக்குப் பிறகு தண்ணீர் பச்சையாகிவிட்டது, விட்ட குஞ்சுகள் வளரவில்லை என்று மீன் குத்தகைக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். பார்வையிட வந்த அதிகாரி, "மீன் எதுவும் செத்து மிதக்கவில்லை, ஆகவே தண்ணீரில் நஞ்சு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த "ஆகவே"யை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் புதுச்சேரியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தவள். பெரும்பாலும் டாஃப்னியா அறையில்தான் இருப்பேன். டாஃப்னியாவைத் தமிழில் நீர்த்தெள்ளு என்பார்கள். தெள்ளுப்பூச்சி மாதிரி துள்ளித் துள்ளி நீந்தும். உண்மையில் அது பூச்சி இல்லை, இறால், நண்டு வகையறா. நம் ஏரி குளங்களில் அதன் சொந்தங்கள் நிறைய உண்டு. வண்ணமீன் வளர்க்கும் பிள்ளைகள் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடும் மொய்னாவும் அதன் நெருங்கிய சொந்தம்தான். இவை தண்ணீரில் இருக்கும் பாசித் துகள்களை வடிகட்டித் தின்கின்றன. கட்லா குஞ்சு இவற்றைத் தின்று வளர்கிறது. ஏரியில் இவை ஒரேயடியாகச் செத்தால் பாசியைத் தின்ன ஆள் இல்லை, தண்ணீர் பச்சையாகும். கட்லாவுக்கு இரை இல்லை, வளர்ச்சி நிற்கும். மீன் ஒன்றுகூடச் சாகாமலே இவ்வளவும் நடக்கும். குத்தகைக்காரர் சொன்ன இரண்டு அடையாளமும் இதோடு பொருந்துகின்றன என்பதை அந்த அதிகாரி கவனித்திருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க ஒரே மாதிரி செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு வகுத்தது, ஓஇசிடி 202 என்று அதற்குப் பெயர். இப்போது நடைமுறையில் இருக்கும் வடிவம் 2004இல் வந்தது. பிறந்து 24 மணி நேரம் ஆகாத டாஃப்னியா குஞ்சுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். சோதிக்க வேண்டிய ரசாயனத்தைக் குறைந்தது ஐந்து அளவுகளில் கலந்து, ஒவ்வோர் அளவிலும் 20 குஞ்சுகள், பெரும்பாலும் நான்கு குடுவைகளில் ஐந்தைந்தாக விட வேண்டும். ரசாயனம் கலக்காத தண்ணீரிலும் அதே போல் 20. தீனி கிடையாது. தண்ணீர் 18 முதல் 22 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் ஒருமுறை, 48 மணி நேரத்தில் ஒருமுறை பார்ப்போம். குடுவையை மெதுவாக ஒரு சுழற்று சுழற்றிவிட்டு 15 விநாடி காத்திருப்போம். அதற்குள் நீந்தாத குஞ்சு முடங்கிவிட்டது என்று கணக்கு. கொம்பு போன்ற உணர்கொம்பை அது இன்னும் அசைத்துக்கொண்டிருக்கும். ஆனாலும் நீந்த முடியவில்லை என்றால் முடங்கியதாகத்தான் எழுத வேண்டும். முதல் வருடம் எனக்கு அப்படி எழுதவே கை வராது. உயிர் இருக்கிறதே என்று தோன்றும். என் மேற்பார்வையாளர் அம்மா ஒருநாள் சொன்னார்: "குளத்தில் நீந்த முடியாமல் அடியில் கிடப்பதற்கு அப்புறம் எவ்வளவு நேரம் வாழ்வு இருக்கும், சொல்லு." அதற்குப் பிறகு நான் தயங்கியதில்லை.

பாதிக் குஞ்சுகள் முடங்கும் அளவு எதுவோ அதைத்தான் அறிக்கையில் எழுதுவோம். லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ வந்தால் நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கடுமையான நஞ்சு என்ற முதல் வகை. ரசாயனம் இல்லாத குடுவைகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முடங்கினால் சோதனை முழுவதும் செல்லாது. ஒரு மே மாதம் இரவில் குளிர்சாதனம் நின்று, காலையில் போய்ப் பார்த்தால் சுத்தமான தண்ணீரிலேயே 20இல் மூன்று அடியில் கிடந்தன. இரண்டு நாள் வேலையையும் அப்படியே கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். இந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் அந்த எண்ணை நான் நம்புகிறேன்.

இப்போது எங்கள் ஊர் வயலுக்கு வருகிறேன். சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு வந்ததென்று எதிர்வீட்டு அண்ணன் மருந்து வாங்கி வந்தார். "பச்சை முக்கோணம்மா, ஆபத்து இல்லாததுன்னு பார்த்துதான் வாங்கினேன்" என்று டப்பாவைக் காட்டினார். மருந்தின் பெயர் குளோரன்ட்ரானிலிப்ரோல். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. நம் நாட்டில் பூச்சிக்கொல்லி டப்பாவில் போடும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் எலி போன்ற பாலூட்டிகளுக்கு எவ்வளவு நஞ்சு என்பதை வைத்து முடிவாகிறது. அதாவது, தெளிக்கும் மனிதருக்கான எச்சரிக்கை அது. ஏரிக்கான எச்சரிக்கை இல்லை. இந்தப் பச்சை முக்கோண மருந்து 48 மணி நேரத்தில் பாதி டாஃப்னியாவை முடக்கும் அளவு லிட்டருக்குச் சுமார் 12 மைக்ரோகிராம்தான். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏழு நிறைய இருக்கும் தண்ணீரில் ஒரே ஒரு கிராம் கலந்தது போல. மீனுக்கு அதைப் போல ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் பாதி சாவதில்லை. அப்படி ஒரு மருந்து மழையோடு வடிந்து ஏரிக்கு வந்தால், செத்த மீனைத் தேடுகிற அதிகாரி கண்ணுக்கு எதுவும் படாது.

டாஃப்னியாவை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இங்கே விதை நேர்த்திக்கும் நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சிக்கும் பயன்படுத்துகிற இமிடாகுளோபிரிட் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாஃப்னியா அதை லிட்டருக்கு 80 மில்லிகிராமுக்கு மேல்கூடத் தாங்கும். ஏரிச் சேற்றில் இருக்கும் ரத்தப்புழுவோ ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது. ரத்தப்புழு என்பது ஒரு வகைக் கொசு போன்ற ஈயின் புழு, கெண்டை போன்ற மீன்களுக்கு அது நல்ல தீனி. டாஃப்னியா அறிக்கையை மட்டும் பார்த்தவர்கள் இமிடாகுளோபிரிட்டால் தண்ணீருக்குப் பெரிய கேடில்லை என்று நினைத்தார்கள். ரத்தப்புழுவையும் வைத்துப் பார்க்க 2011இல் தனி வழிமுறையே வந்தது, ஓஇசிடி 235. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இந்த மருந்தைத் திறந்தவெளியில் தெளிக்கத் தடை போட்டது. அது தேனீக்களுக்காக என்றாலும் தண்ணீருக்கும் நல்லதுதான்.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது? 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், ஆலைக் கழிவுநீருக்கான பொதுத் தரத்தில் ஓர் உயிர்ச்சோதனை இருக்கிறது. நீர்த்துப்போகாத கழிவுநீரில் மீன்களை விட்டால் 96 மணி நேரம் கழித்து நூற்றுக்கு 90 பிழைத்திருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அதில் பேசப்படுவது மீன் மட்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009இல் மிகவும் மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்த ஊர் கடலூர். வயலிலிருந்து மருந்தும் ஆலையிலிருந்து கழிவும் ஒரே மாவட்டத்தில் வடிகிற இந்த ஊருக்கு மீன் சோதனை மட்டும் போதாது.

செய்தி வந்த மறுநாள் நானே ஏரிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து துணியில் வடிகட்டினேன். தெருவில் ஃபைட்டர் மீன் வளர்க்கும் தம்பியிடம் மொய்னா வாங்கினேன். நான்கு கண்ணாடி டம்ளரில் ஏரித் தண்ணீர், நான்கில் அவன் தொட்டித் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஐந்து. வாய் அகன்ற சொட்டுக்குழாயால், காற்றுப் படாமல் தண்ணீருக்குள்ளேயே விட்டேன். காற்று ஒட்டினால் மேற்பரப்பில் மாட்டிக்கொண்டு செத்ததுபோலத் தெரியும். இரண்டாம் நாள் காலை தொட்டித் தண்ணீரில் எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன. ஏரித் தண்ணீரில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை அடியில். இது சமையலறைச் சோதனை. ஆக்சிஜன் அளக்கவில்லை, மருந்துதான் காரணமென்று இதை வைத்துச் சொல்லவும் மாட்டேன். பாசி மிகுந்த தண்ணீரில் வேறு காரணங்களும் உண்டு. ஆனால் "நஞ்சு இல்லை" என்று எழுதிக் கொடுக்கிற அளவுக்கு அந்தத் தண்ணீர் நன்றாக இல்லை என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

என் கோரிக்கை பெரியதில்லை. ஏரி, குளம் பற்றிப் புகார் வந்தால் செத்த மீனைத் தேடுவதோடு நிறுத்தாமல் தண்ணீர் மாதிரி எடுத்து 48 மணி நேரச் சோதனைக்கு அனுப்புங்கள். கூடவே ரத்தப்புழுவையும் வையுங்கள். பச்சை முக்கோணத்துக்குப் பக்கத்தில் "நீர்நிலைகளில் கலக்கக் கூடாது" என்று விவசாயி படிக்கிற அளவு எழுத்தில் தமிழில் போடுங்கள். பிறகு, 20 டிகிரியில் வாழும் குளிர்நாட்டு டாஃப்னியாவோடு நம் மொய்னாவையும் நம் தண்ணீரின் வெப்பத்தில் வைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில்கூட எங்கள் ஏரி அவ்வளவு குளிர்வதில்லை. வெப்பம் ஏறினால் பல மருந்துகளின் நஞ்சு கூடும். பைரித்ராய்டு போன்ற சில பூச்சிக்கொல்லி வகைகளோ குளிரில் கூடுதலாகக் கொல்லும். இங்கே எது எப்படி என்று இங்கேதான் பார்க்க முடியும்.

இதற்குக் கோடிக்கணக்கில் இயந்திரம் வேண்டாம். கண்ணாடிக் குடுவை, விளக்கு, நுண்ணோக்கி, பொறுமையான இரண்டு பேர் போதும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது, புதுச்சேரியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, விலங்கியல் துறை உள்ள கல்லூரிகள் இருக்கின்றன. வெளிநாட்டுக்குப் போகிற ரசாயனங்களுக்காக நம் கூடங்களில் இந்தச் சோதனை நடக்கிறது, நானே செய்திருக்கிறேன். எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் டாஃப்னியா வளர்க்கவும், குஞ்சுகளைப் பிரிக்கவும், 15 விநாடி எண்ணவும் சொல்லித்தரக் கட்டணமின்றி வருகிறேன். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

அந்த ஏரித் தண்ணீர் இரண்டு பாட்டில் என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். நாளாக நாளாக அதிலுள்ள மருந்து சிதையும், சில வகை பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோதிக்க மனமுள்ளவர்கள் இந்த வாரத்துக்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்.