பஸ் லேன், பகிர்வுப் பாதை: லண்டனில் வாகனம் ஓட்டப் பழகுவோருக்கு ஒரு மடல்

அன்பான மாணவர்களுக்கும், பக்கத்து இருக்கையில் இருந்து பிள்ளைகளைப் பழக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

பழகுகிறவர்கள் பஸ் லேனை, அதாவது பஸ்ஸுக்கென்று ஒதுக்கிய வீதிப் பகுதியைக் கண்டதும் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். எந்த நேரமென்றாலும் அதை விட்டு விலகியே ஓடுகிறார்கள், அல்லது முன்னால் போகிற கார் நுழைந்தது என்று தாங்களும் நுழைகிறார்கள். இரண்டுமே பிழை. இலங்கையில் பல வருடம் ஓட்டியவர்களுக்கும் இங்கே இது புதுப் பாடம்தான். அங்கத்தைய சாரதி அனுமதிப்பத்திரத்தை இங்கே மாற்றி எடுக்க முடியாது. குடிவந்து 12 மாதம் கடந்தால் எல்லோரையும் போலப் பரீட்சைக்குப் போகத்தான் வேண்டும். இடப்பக்கமாக ஓட்டிய பழக்கம் உதவும். ஆனால் தரையிலுள்ள வெள்ளைக் கோடுகளைப் படிக்கும் பழக்கத்தைப் புதிதாகத்தான் பிடிக்க வேண்டும்.

தரையில் உள்ள தடித்த வெள்ளைக் கோடும் ‘பஸ் லேன்’ என்ற எழுத்தும் எது லேன் என்பதை மட்டும் சொல்லும். எப்போது, யாருக்கு என்பதை ஓரத்திலுள்ள நீலப் பலகை சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். பலகையில் நேரம் போட்டிருந்தால் அந்த நேரத்தில் மட்டும்தான் அது பஸ் லேன். நேரமே இல்லாவிட்டால் 24 மணி நேரமும் பஸ் லேன். சிவப்புக் கோடு போட்ட பெருவீதிகளில் பெரும்பாலான பஸ் லேன்கள் இப்போது நாள் முழுவதும் இயங்குகின்றன. பக்கத்து வீதியில் காலையும் மாலையும் மட்டும் என்று இருக்கலாம். ஆகவே ஒரு வீதியில் பார்த்ததை வைத்து அடுத்த வீதியைக் கணக்குப் போடாதீர்கள். பொது விடுமுறை என்றால் லேன் திறந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பலகையில் திங்கள் முதல் வெள்ளி என்று இருந்து, விடுமுறை திங்கட்கிழமை வந்தால், வேறு குறிப்பு இல்லாதவரை அன்றும் லேன் இயங்கும்.

படங்களையும் கவனியுங்கள். பஸ், சைக்கிள், டாக்சி என்று எவை காட்டப்பட்டுள்ளனவோ அவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. டாக்சி என்றால் கறுப்பு டாக்சி வகை. முன்பதிவு செய்து எடுக்கும் வாடகைக் காரான மினிகாப் அதில் அடங்காது. மோட்டார் சைக்கிள் படம் சில இடங்களில் இருக்கும், சில இடங்களில் இராது.

நேரம் முடிந்துவிட்டால் அது மற்றைய லேன்களைப் போன்ற சாதாரண இடப்பக்க லேன். அதில் தடை ஒன்றும் இல்லை, நிறுத்தின கார்களும் இல்லை என்றால், அதில்தான் ஓட வேண்டும். காரணமில்லாமல் வலப்பக்கத்தில் தொங்கிக்கொண்டு போவதைப் பரீட்சகர் கவனிப்பார். காரிலுள்ள மணிக்கூட்டைச் சரியாக வைத்திருங்கள். மார்ச்சிலும் ஒக்டோபரிலும் நேரம் மாறும்போது அதை மாற்ற மறந்து, ஒரு மணித்தியாலப் பிழையோடு லேனுக்குள் போகிறவர்கள் உண்டு.

லேன் இயங்கும் நேரத்தில் இடப்பக்கம் திரும்புவதுதான் பலருக்குச் சிக்கல். திரும்பும் சந்திக்கு முன்னால் முழுக்கோடு முடிந்து விட்டுவிட்டு வரும் கோடாக மாறும். உள்ளே போக வேண்டிய இடம் அதுதான். முதலில் உட்கண்ணாடி, பிறகு இடக் கண்ணாடி, சிக்னல், கடைசியாக இடத் தோளுக்கு மேலால் ஒரு பார்வை. அந்தக் கடைசிப் பார்வை ஏனென்றால், கண்ணாடியில் தெரியாத இடத்தில் சைக்கிள்காரர் உங்களோடு சமமாக வந்துகொண்டிருப்பார். அவரோ பஸ்ஸோ நேரே போவதானால் வழிவிட்டுக் காத்திருங்கள். 2022 ஜனவரியில் திருத்திய வீதி விதிக்கோவை, நேரே போகும் சைக்கிளை வெட்டித் திரும்பக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. நுழையும் வீதியின் வாயில் கடக்கக் காத்து நிற்கும் பாதசாரிக்கும் வழிவிட வேண்டும். முழுக்கோட்டில் அவசரப்பட்டு ஏறுவது ஒரு பிழை. கோடு உடைந்த பிறகும் உள்ளே போகாமல், வெளி லேனில் இருந்து பஸ் லேனுக்குக் குறுக்காகத் திரும்புவது அதைவிட ஆபத்தான பிழை. சிறிய குறுக்கு வீதிகளில் கோடு வாய்க்கு நேரே மட்டும் உடைந்திருக்கும். அங்கே லேனுக்குள் போக இடமில்லை. ஆகவே வேகத்தை நன்றாகக் குறைத்து, லேன் வெறுமையாக இருப்பதைப் பார்த்த பின்னரே திரும்ப வேண்டும்.

சிறு வீதியில் இருந்து பெருவீதிக்கு இடப்பக்கமாக வெளியே வரும்போது கை தானாகவே அருகிலுள்ள லேனுக்குள் காரைத் திருப்பிவிடும். அந்த அருகிலுள்ள லேன் பஸ் லேன் என்றால், நுழைந்த நொடியிலேயே பிழை. லேனை ஒரே ஓட்டமாகக் கடந்து இரண்டாவது லேனில் சேர வேண்டும். அதற்கு இரண்டு லேனும் ஒரே நேரத்தில் வெறுமையாக வேண்டும். சாதாரணச் சந்தியில் காத்திருப்பதைவிட நீண்ட இடைவெளி தேவைப்படும். பின்னால் ஹோர்ன் அடித்தாலும் பொறுத்திருங்கள்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது வலப்பக்கத் திருப்பம். எதிரே வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒருவர் இடம்விட்டு, கை காட்டி உங்களை அழைக்கிறார். அவருக்கு அப்பால் பஸ் லேன் இருக்கிறது. அந்த லேன் நிற்கவில்லை. அதில் சைக்கிளோ, மோட்டார் சைக்கிளோ, பஸ்ஸோ நல்ல வேகத்தில் வரும். நிற்கும் வான் மறைப்பதால் நீங்கள் அவர்களைக் காண மாட்டீர்கள், அவர்களும் உங்களைக் காண மாட்டார்கள். கை காட்டியவர் தன் லேனுக்கு மட்டும்தான் உத்தரவாதம் தர முடியும். காரின் மூக்கை அடி அடியாக நகர்த்தி, லேன் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்வரை ஒவ்வொரு முறையும் நிறுத்திப் பாருங்கள். தெரியவே இல்லை என்றால், அந்த அழைப்பை விட்டுவிட்டு நேரே போங்கள். அடுத்த சுற்றுவட்டத்தில் திரும்பி வரலாம்.

அம்புலன்ஸ் பின்னால் வந்தால் பதற்றத்தில் பஸ் லேனுக்குள் ஒதுங்கத் தோன்றும். விதி என்னவோ, வீதி அடையாளங்களை மீறாமல்தான் வழிவிட வேண்டும் என்பதே. வேகத்தைக் குறைத்து, சட்டப்படி ஒதுங்கக்கூடிய முதல் இடத்தில் ஒதுங்குங்கள்.

இனி பகிர்வுப் பாதை, அதாவது நடப்பவரும் சைக்கிளும் சேர்ந்து போகும் பாதை. அதில் நாங்கள் ஓட்டுவதில்லை, ஆனால் அடிக்கடி அதைக் குறுக்கே கடக்கிறோம். நீல வட்டப் பலகையில் ஆளும் சைக்கிளும் இருந்து, நடுவே கோடு இல்லாவிட்டால் பாதை முழுவதும் இருவருக்கும் பொது. நடுவே நிலைக்குத்துக் கோடு இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பாதை தொடங்கும் இடத்திலுள்ள மேடிட்ட வரிக்கற்கள் பார்வையற்றோருக்கானவை. நடப்பவர் பக்கத்தில் வரிகள் குறுக்கே கிடக்கும், சைக்கிள் பக்கத்தில் நீளவாக்கில் ஓடும். பெட்ரோல் நிலையத்துக்கோ வீட்டு முற்றத்துக்கோ இப்படியான பாதையைக் கடந்து திரும்பும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். சைக்கிள் எந்தத் திசையிலிருந்தும் வரும், நடப்பவரைவிடப் பல மடங்கு வேகமாக வரும். பாதை இருந்தும் ஒருவர் வீதியில் சைக்கிள் ஓடினால் அது அவருடைய உரிமை. பாதையைப் பாவிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 30 மைல் வேகம்வரை குறைந்தது 1.5 மீற்றர் இடம் விட்டே அவரை முந்த வேண்டும்.

வரிக்குதிரைக் கடவைக்கு ஒட்டியபடி வெள்ளைச் சதுரங்கள் இரண்டு வரிசையாகப் போனால், அது சைக்கிள் கடவையும் சேர்ந்தது. அங்கே சைக்கிளுக்கும் வழிவிட வேண்டும். சிக்னல் லைட்டோடு உள்ள கடவையில் ஆளும் சைக்கிளும் சேர்ந்து கடந்தால், அங்கே மஞ்சள் மின்னும் நிலை கிடையாது. பச்சை வரும்வரை நில்லுங்கள்.

பரீட்சையில் சிறு பிழைகள் 15 வரை பொறுக்கப்படும். பாரதூரமான பிழை ஒன்றே போதும், பெறுபேறு தோல்வி. இயங்கும் பஸ் லேனுக்குள் ஓட்டுவது இந்த இரண்டாம் வகையில் சேரக்கூடியது. ‘இடப்பக்கம் நிறுத்துங்கள்’ என்று பரீட்சகர் சொன்னாலும், இயங்கும் பஸ் லேனுக்குள்ளோ மஞ்சள் பெட்டி போட்ட பஸ் தரிப்பிடத்திலோ நிறுத்த வேண்டாம். தகுந்த இடத்தைத் தேர்வது உங்கள் பொறுப்பு.

பெற்றோருக்கு ஒன்று. இயங்கும் பஸ் லேனுக்குள் போனதைக் கமெரா பிடித்தால் தண்டக் கடிதம் கார் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் வரும். லண்டனில் தொகை 160 பவுண்டு, 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி. அனுமதிப்பத்திரத்தில் புள்ளி ஏறாது. கட்டுவதற்கு முன் கடிதத்திலுள்ள படத்தைப் பாருங்கள். கட்டிவிட்டால் அதை எதிர்க்க முடியாது. பலகை மரக்கிளையால் மறைந்திருந்தாலோ, நேரம் தவறாக எடுக்கப்பட்டிருந்தாலோ 28 நாட்களுக்குள் எழுத்தில் எதிர்க்கலாம். அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பலகையைப் படம் எடுத்து இணைத்து அனுப்புங்கள். எந்தப் பலகை குழப்புகிறதோ அதன் படத்தை அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அந்த வீதியிலேயே போய்ப் பழகலாம்.

அன்புடன்,
உங்கள் சாரதிப் பயிற்சி நிலையத்தார்