கோமதிக்கு அப்பா எழுதுவது

சங்கரன்கோவில்,
29.10.2025

அன்பு மகள் கோமதிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். மழை இந்த வருஷம் பரவாயில்லை, கிணற்றில் நாலு படி தண்ணீர் ஏறியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான். தைலம் தேய்ப்பதும் என்னைத் திட்டுவதும் தினப்படி நடக்கிறது. தீபாவளிக்கு நீ வரவில்லை என்றதும் அதிரசத்துக்கு ஊறவைத்த அரிசியில் பாதியை இடியாப்பத்துக்கு என்று எடுத்து வைத்துவிட்டாள். ஆடித்தபசுக்கும் நீ வரவில்லை. சரி, வேலை இருக்கும்.

போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள், ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். நீயும் தீபாவளியன்று இரண்டு நிமிஷம் பேசியதோடு சரி. அடுத்த மாதம் பத்து நாள் ட்ரெய்னிங், போன் எடுக்க முடியாது என்று சொன்னாய். நான் நல்லது என்றேன்.

தம்பியைத் திட்டாதே. ஆதார் நகல் எடுக்கச் சொல்லி நீ அனுப்பியதில் இன்னொரு காகிதமும் சேர்ந்து வந்துவிட்டது. கடைக்காரர் இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரி எஸ்டிமேட். ஒரு பக்கம் ஸ்லீவ் என்று ஒரு தொகை, இன்னொரு பக்கம் பைபாஸ் என்று ஒரு தொகை. பைபாஸ் என்றதும் எனக்கு நெஞ்சுதான் ஞாபகம் வந்தது. உன் பெரியப்பாவுக்கு நடந்ததெல்லாம் கண்முன் வந்து அன்று இரவு முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள்தான் தம்பி, அது இருதயம் இல்லை, வயிறு, உடம்பைக் குறைப்பதற்கு என்று சொன்னான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கோமதி அம்மன் சன்னதியில் மாவிளக்குப் போடுவாள், போட்ட கையோடு தெருவுக்கே காரணமும் சொல்லுவாள்.

பி.எஃப். விஷயம் என்று பொய் சொல்லிவிட்டு போன வாரம் மதுரைக்குப் போய், அங்கே டாக்டராக இருக்கும் உன் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை, தெரிந்தவர் பிள்ளை என்றேன். அவன் சிரித்தான். ஓ.பி. முடிந்து காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்து காட்டினான். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து.

ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கை நீளவாக்கில் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பசியைக் கிளப்பும் கிரெலின் என்கிற ஹார்மோன் அதிகம் சுரப்பது வெட்டி எடுக்கும் மேல்பகுதியில்தானாம், அதனால் பசியும் மட்டுப்படுகிறது. வெட்டியது வெட்டியதுதான், திரும்ப வராது. பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை. மேலே முட்டை அளவுக்கு, ஒரு 30 மில்லி பிடிக்கிற மாதிரி பை ஒன்று பிரித்து, சிறுகுடலைக் கொண்டுவந்து அதில் சேர்க்கிறார்கள். இரண்டு இடத்தில் ஒட்டு. ஒரே ஒட்டோடு முடிகிற மினி பைபாஸும் உண்டு, அதில் பித்தநீர் மேலே ஏறும் தொந்தரவு சிலருக்கு வரும் என்றான். உன் காகிதத்தில் அது இல்லை, அதை விட்டுவிடுவோம்.

இப்போது கேள். உன் நெஞ்செரிச்சலை அந்த டாக்டரிடம் சொன்னாயா?

காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன வருஷத்திலிருந்து ராத்திரி எழுந்து உட்காருகிறாய். தலையணை இரண்டு வைத்துப் படுக்கிறாய். புளிச்ச ஏப்பம், தினம் காலையில் அமிலத்தைக் குறைக்கும் பேன் (Pan) மாத்திரை ஒன்று. அதை நீ சாப்பாடு மாதிரி ஆக்கிக்கொண்டதால் நோய் என்றே நினைப்பதில்லை. ஸ்லீவ் செய்தால் சிலருக்கு இந்த எரிச்சல் கூடிவிடும், இல்லாதவர்களுக்குப் புதிதாகவும் வரும் என்று அண்ணன் சொன்னான். பின்லாந்தில் 240 பேரை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒரு விதமாகச் செய்து, பத்து வருஷம் கழித்து வந்தவர்களுக்குக் குழாய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஸ்லீவ் செய்தவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது, பைபாஸ் செய்தவர்களில் 7 பேருக்குத்தான். எடை இறங்கியதும் பைபாஸில் கொஞ்சம் கூட. எஸ்டிமேட்டில் ஸ்லீவ் தொகைக்குப் பக்கத்தில் நீ பேனாவால் டிக் போட்டிருக்கிறாய். தொகை குறைவு என்றா? எண்டோஸ்கோப்பி எடுத்தார்களா? எடுக்காமல் டிக் போடாதே.

அப்படியானால் பைபாஸ்தான் என்று நான் சொல்லிவிடுவேன். ஆனால் பைபாஸ் செய்தவர்கள் இரும்புச் சத்து, பி12, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகளை ஆயுசுக்கும் விடாமல் சாப்பிட வேண்டும். விட்டால் ரத்தம் குறையும், கால் மரத்துப்போகும். (ஸ்லீவ் செய்தவர்களுக்கும் மாத்திரை உண்டு, பைபாஸில் கட்டாயம் அதிகம்.) எட்டாம் வகுப்பில் பள்ளியில் கொடுத்த சத்து மாத்திரையைச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தவள் நீ. அந்த வருஷம் செம்பருத்தி பூத்ததைப்போல இன்றுவரை பூக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். இன்னொன்று, மாதா மாதம் நீ போடுகிறாயே அந்த வலி மாத்திரை. அப்பா இதையெல்லாம் எழுதக்கூடாது, அம்மாதான் எழுத வேண்டும், என்ன செய்ய. பைபாஸுக்குப் பிறகு அந்த வகை மாத்திரை ஒட்டுப்போட்ட இடத்தில் புண்ணாக்கிவிடும், கூடவே கூடாது என்கிறான். அதற்கு மாற்று என்ன என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள். இனிப்பும் கொஞ்சம் அதிகமானால் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல் வரும். கோவில்பட்டி சித்தி பொட்டலம் பொட்டலமாகக் கடலைமிட்டாய் அனுப்பினால் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடு.

வெட்டு எதுவும் இல்லாமல் எடையைக் குறைக்க வாராவாரம் போடும் ஊசி வந்திருக்கிறதே, இந்த மார்ச்சில்கூட மவுஞ்சாரோ என்று வந்ததே, அது போதாதா என்றும் கேட்டேன். கேட்டுப் பார்க்கலாம், ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பிவிடுகிறது, மாதச் செலவும் கனம் என்றான். அதையும் நீ யோசிக்காமலா இருந்திருப்பாய்.

போன வருஷம் ஆபரேஷனில் இறந்துபோனதாகப் பேப்பரில் வந்த அந்தப் பையனை நான் மறக்கவில்லை. உன் வயதுதான், இதே ஆபரேஷன். அம்மா அந்தச் செய்தியை வாசித்துவிட்டு, எதற்கு இந்தப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்றபோது நீ இங்கேதான் இருந்தாய், தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாய். அப்போதே மனதில் வைத்திருந்தாயா? நல்ல இடத்தில், நிறையச் செய்த கையில் செய்தால் பித்தப்பை எடுப்பதற்கு உள்ள அபாயம்தான் என்று அண்ணன் தெளிவாகச் சொன்னான். அதை நான் நம்புகிறேன். பகலில் நம்புகிறேன். நீ போகிற இடத்தில் வருஷத்துக்கு எத்தனை செய்கிறார்கள், ஐ.சி.யூ. அதே கட்டிடத்தில் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேள். பஸ்ஸின் முதுகில் இடுப்பை அளந்து காட்டி விளம்பரம் போடுகிறவன் எனக்கு டாக்டராகத் தெரியவில்லை.

எங்களிடம் சொல்லாதது வருத்தம்தான், மறைக்க மாட்டேன். தம்பிக்கு மூன்று வருஷம் பீஸ் கட்டியவள், வீட்டுக்கு மேல்தளம் போட்டவள், நம் தெருவிலிருந்து முதலில் சென்னைக்கு வேலைக்குப் போன பெண். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே சலித்துவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளை ட்ரெய்னிங் என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் டேபிளில் தனியாகப் படுப்பதா? கையெழுத்துப் போட யாரைக் கூட்டிப்போவதாக இருந்தாய்? ஹாஸ்டல் வார்டனையா?

காகிதத்தில் உயரம் 158, எடை 104 என்று இருந்தது. இன்சூரன்ஸ் கொடுப்பானா என்று பார்க்க நானே கணக்குப் போட்டேன். 2019-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட விதியில், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ 40 இருக்க வேண்டும், அல்லது 35-ம் கூடவே கட்டுப்படாத சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு அடைப்பு மாதிரி பெரிய நோயும் இருக்க வேண்டும். 1.58-ஐ 1.58-ஆல் பெருக்கி 104-ஐ வகுத்தேன். 41.7 வந்தது. கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டு பென்சிலை வைத்தேன். வைத்தபிறகு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறுபடியும் உன்னை எடை போட்டுவிட்டேன் அல்லவா.

ரேஷன் கடையில் ஒரு ரூபாய் அரிசி வந்த மறுவருஷம். உனக்குப் பத்து வயது. மதியம் எனக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாய். மாசக் கடைசி, வாசல் தாண்டிப் படி வரைக்கும் வரிசை. மேடைத் தராசு அப்போதுதான் முத்திரை போட்டு வந்திருந்தது. சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று உன்னை ஏறச் சொன்னேன். நீயும் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாய். நான் கட்டையைத் தள்ளிவிட்டு, "ஐம்பத்திரண்டு! மூட்டையைவிட ரெண்டு கிலோ தூக்கல்" என்று வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான்தான். நீயும் சிரித்தாய் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து தம்பிதான் சோறு கொண்டுவந்தான். பெண்பிள்ளை, வளர்கிறாள், வெட்கம் வந்துவிட்டது என்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அதோடு விட்டேனா? கோவில்பட்டிக் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அதையே கதையாகச் சொன்னேன். நீ பாதி இலையில் எழுந்து கை கழுவப் போனாய். பாயசம் வருமுன்னே எழுந்துவிட்டாளே என்று அதற்கும் ஏதோ சொன்னேன். முப்பத்தொரு வருஷம் கடையில் எடை போட்டேன், ஒரு கிராம் குறைந்தது என்று எவனும் புகார் எழுதியதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. மதுரைக்குப் போய்ப் படமெல்லாம் வரைந்து வாங்கியது இதை எழுதாமல் தப்பிக்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தச் சிரிப்புக்காக நீ வயிற்றை வெட்டிக்கொள்கிறாயோ என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படி இல்லை, மூச்சு வாங்குகிறது, மூட்டு வலிக்கிறது, சர்க்கரை எல்லைக்கு வந்துவிட்டது என்றால் தாராளமாகச் செய். மூன்று மாதச் சர்க்கரை 6.1 என்று இருந்தது, பார்த்தேன். சர்க்கரையால் ஆச்சியின் கால் பட்ட பாட்டை நானும்தான் பார்த்தேன். நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் தடுக்கப்போவதில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் குழந்தை உண்டாகக்கூடாதாம். அதனால் தரகரிடம் தை மாதப் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. அது என்பாடு.

முடி மூன்றாம் மாதத்திலிருந்து கொட்டும், பிறகு வளர்ந்துவிடும் என்கிறான். பயப்படாதே. தினம் 60 கிராம் புரதம் வேண்டும். முட்டையை மட்டும் நிறுத்தாதே. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதே, அரை மணி நேரம் தள்ளிக் குடி. முதல் இரண்டு வாரம் கஞ்சித் தண்ணி மாதிரிதான் எல்லாம், அதைக் காய்ச்சிக் கொடுக்க எனக்குத் தெரியும்.

தேதியை மட்டும் சொல். பொதிகையில் இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். டிக்கெட் எடுக்கவில்லை, நீ வரச்சொன்னால்தான் எடுப்பேன். ஹாஸ்டலில் தங்க விடமாட்டார்கள், தெரியும். பக்கத்தில் ஏதாவது லாட்ஜ் போதும்.

அன்புடன்,
அப்பா

பி.கு: ஸ்லீவோ பைபாஸோ, நெஞ்செரிச்சலைச் சொல்லிவிட்டு முடிவு எடு. பேன் மாத்திரை எத்தனை வருஷமாகப் போடுகிறாய் என்று கேட்டால் ஒரு வருஷம் என்று சொல்லிவிடாதே. எட்டு வருஷம்.