சீட்டில் நச்சுக்காளான்

ஆசிரியருக்கு,

நச்சுக்காளான்களைச் சீட்டு விளையாட்டு வழியாக மாணவர்களுக்குக் கற்பிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தி மகிழ்ச்சி அளித்தது. அமாடாக்சின் நஞ்சுள்ள காளானைத் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கவே 6 முதல் 24 மணி நேரம் ஆகலாம். பிறகு உடல் தேறியதுபோலத் தோன்றும். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. எந்தக் காளான், எந்த நஞ்சு, எத்தனை மணி நேரம் என்று சீட்டுச் சேர்த்து ஆடிய பிள்ளைக்கு இது மனத்தில் நிற்கும்.

செட்டிநாட்டில் இடி மழைக்குப் பின் செம்மண் புற்றோரம் காளான் பறிப்பது வழக்கம். "பூச்சி அரித்திருந்தால் பயமில்லை" என்று எங்கள் அப்பத்தா சொல்வார். இன்றும் பலர் அதையே நம்புகிறார்கள். பூச்சி அரித்த காளானும் மனிதரைக் கொல்லக்கூடும் என்பதே உண்மை. எனவே சீட்டுகளில் வெளிநாட்டுக் காளான் படங்கள் மட்டும் போதா. மண்ணுக்குள் வேர்போல நீளும் தண்டுடைய, உண்ணத்தக்க புற்றுக்காளானையும், முதிர்ந்தபின் குடையின் அடிமடிப்புகள் பச்சை நிறமாகும் நச்சுக்காளானையும் அருகருகே காட்டும் சீட்டுகளை, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத் தாவரவியல் அறிஞர்களின் துணையோடு பள்ளிக் கல்வித் துறை தயாரிக்கலாம். ஒவ்வொரு சீட்டிலும், "இதைப் பார்த்துக் காளான் பறிக்காதீர், தின்றபின் சந்தேகம் வந்தால் மிச்சக் காளானுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அழைக்க 108" என்று அச்சிட வேண்டும்.

வாசகர், காரைக்குடி