பேத்திக்கும் எனக்கும் ஒரே மருந்து

அன்புள்ள சுந்தரம்,

பத்து மாதமாகக் கடிதம் இல்லை என்று நீ திட்டுவது இங்கே வரை கேட்கிறது. திட்டு, முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. குரல் நம் கணக்கு வாத்தியாருடையது. பிறந்ததும் பெரியக்கா சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு வந்து நின்றாள். நர்ஸ் விரட்டிவிட்டார். சீம்பாலை விட்டுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரா என்று அவருக்குக் கோபம். கடைசி மாதங்களில் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கொஞ்சம் எதிர்ப்பாற்றல் வந்துவிடுகிறதாம், மீதி அந்த மஞ்சள் பாலில். அக்கா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

குழந்தையின் இடது தோளில் பி.சி.ஜி., அதாவது காசநோய்த் தடுப்பூசி, போட்டார்கள். 0.05 மில்லி, ஒரு சொட்டு என்று வைத்துக்கொள். அதே வாரம் எனக்கும் பி.சி.ஜி. கொடுத்தார்கள். தோளில் அல்ல, மூத்திரப்பையில்.

சிரிக்காதே. புற்றுநோய்.

வளைகாப்புக்கு மறுநாள் காலை சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி துளியும் இல்லை. முந்தின நாள் சாப்பிட்ட பீட்ரூட் பொரியல்தான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு மேலும் பன்னிரண்டு நாள் ஓட்டினேன். அப்புறம் குழாய் விட்டுப் பார்த்து, கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். தசைக்குள் இறங்கவில்லை, நல்லகாலம். 'பீடி பிடிப்பீர்களா?' என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. சைக்கிள் கடைத் திண்ணை கண்முன் வந்தது. நீ பாதியில் விட்டாய், நான் முப்பது வருடம் விடவில்லை.

மருந்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு டாக்டரின் உயிரை வாங்கிவிட்டேன். பிரான்ஸில் கால்மெட், கேரன் என்ற இருவர், மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரில் வெந்த உருளைக்கிழங்கில் 13 வருடம், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் இழக்க வைத்தார்கள். 1921இல் பாரிஸில் முதலில் அதைக் கொடுத்தது ஒரு கைக்குழந்தைக்கு. தாய் காசநோயில் போய்விட்டாள். வளர்க்கப்போகும் பாட்டிக்கும் அதே நோய். அந்தப் பாட்டியை நினைத்தபடி ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தேன்.

செங்கல்பட்டில் நடந்த பெரிய ஆய்வில் இந்தத் தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத் தடுக்கவில்லை. ஆனால் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசத்திலிருந்து காக்கிறது. பிறகு 1976இல் கனடாவில் மொராலஸ் என்ற மருத்துவர் இதையே மூத்திரப்பைக்குள் விட்டுப் பார்த்தார். கிருமி உள்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. திருடன் புகுந்த தெருபோல வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. வந்த வேகத்தில் மிச்சமிருக்கும் புற்றணுக்களையும் சேர்த்து அடிக்கின்றன. எல்லோருக்கும் பலிப்பதில்லை. எனக்குப் பலிக்குமா என்பது மறுபடி குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

வாரம் ஒன்றாக ஆறு தவணை, மூன்று முடிந்தது. உள்ளே விட்டபின் இரண்டு மணி நேரம் அடக்க வேண்டும். பிறகு ஆறு மணி நேரத்துக்கு, போகும்போதெல்லாம் உட்கார்ந்தே போய், கழிப்பறையில் பிளீச்சிங் ஊற்ற வேண்டும். அந்த ராத்திரி எரிச்சலும் குளிரும் காய்ச்சலும். 'கிருமி வேலை செய்கிறது' என்கிறார் டாக்டர். பாவி, அவருக்கு எரியவில்லை.

மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. 'குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம்' என்று டாக்டர் சொன்ன பிறகும், வியாழக்கிழமைகளில் தூரத்திலேயே நிற்கிறேன். 'தாத்தாவுக்குப் பேத்தியைப் பிடிக்கவில்லை' என்று மகள் கண் கலங்கிவிட்டாள். அதுதான் என்னை இன்று எழுத உட்கார வைத்தது. அவள் தோளில் இப்போது சின்னக் கொப்புளம் எழும்பியிருக்கிறது, பேத்தியைச் சொல்கிறேன். அக்கா எண்ணெய் தடவப் பார்த்தாள். நான் போட்ட சத்தத்தில் வீடே திரும்பிப் பார்த்தது.

மகளிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போகிறேன். வியாழன் நான்காம் தவணை. நீ வந்தால் அந்த இரண்டு மணி நேரம் பேச்சில் ஓடிவிடும். ஒரே நிபந்தனை, குழாய் எடுத்த பிறகு ஹெட்மாஸ்டர் கதையை மட்டும் ஆரம்பிக்காதே. அடக்க முடியாது.

உன்
கோபால்