மரக்கிளையில் கட்டிய சோறு

புரசைவாக்கம், சென்னை
12.10.2025

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "காந்தி, மார்ட்டின் லூதர் கிங் எல்லாம் அந்தக் காலத்தோடு போச்சுடி, இப்போது உட்கார்ந்து போராடினால் யார் மதிக்கிறார்கள்?" என்று. அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. பாத்திரம் துலக்கும்போதுகூட அதுவேதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் வீட்டுச் சேதி. அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார். சின்னவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் முழங்கால் எப்படி? பிசியோதெரபியைப் பாதியில் நிறுத்திவிடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட்டில் மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகைக்கு வெளியே தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தது உனக்குத் தெரியும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 1ஆம் தேதி தொடங்கினார்கள். பெரும்பாலும் பெண்கள். முதல் நாலு நாள் நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஐந்தாம் நாள் மனசு கேட்கவில்லை. தூக்கில் மோர் கரைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு அம்மா, நம் வயசுதான் இருக்கும், நகர்ந்து இடம் கொடுத்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. பேசிக்கொண்டிருந்தோம். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ராத்திரி வீட்டுக்குப் போய்விட்டு விடிந்ததும் வருவார்களாம். மற்றவர்கள் அங்கேயே படுக்கிறார்கள். "மழை வந்தாலும் எந்திரிக்கக் கூடாது, யார் என்ன பேசினாலும் பதிலுக்குப் பேசக் கூடாதுன்னு எங்களுக்குள்ளே முடிவு பண்ணிக்கிட்டோம்" என்றார். இதை எந்தத் தலைவரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. கிளம்பும்போது தூக்கின் மூடியை மறந்து வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது துடைத்து, தன் பையில் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்தார்.

13ஆம் நாள் நள்ளிரவில், அங்கிருந்து அப்புறப்படுத்தச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டிப் போலீஸ் அவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனது. கேட்டது அன்றைக்குக் கிடைக்கவில்லை. பார்த்தாயா, தோற்றுப் போனார்கள் என்று நீ சொல்வாய். நானும் அன்று ராத்திரி அப்படித்தான் நினைத்துத் தூங்காமல் கிடந்தேன்.

அப்புறம் வேதாரண்யம் நினைவுக்கு வந்தது. 1930 ஏப்ரல் 13இல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து உப்பெடுக்கக் கிளம்பி உன் கும்பகோணம் வழியாகத்தானே நடந்தார்கள்? அவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் அறிவித்திருந்தார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுப் போனார்கள். போட்டது யார் என்று போலீஸ் எந்த மரத்தைப் போய்க் கேட்க முடியும்? வேதாரண்யத்தில் வைரப்பன் என்கிற நாவிதர், தன்னிடம் சவரத்துக்கு உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். சிறைக்கும் போனார். ராஜாஜியின் பெயரை எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தச் சோற்றைக் கட்டிய பெண்கள் ஒருத்தியின் பெயராவது நமக்குத் தெரியுமா?

கிங்கைப் பற்றிக் கேட்டாய் அல்லவா, அங்கேயும் இதே கதைதான். 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள், பஸ்ஸில் நிறம் பார்த்து இடம் பிரித்ததை எதிர்த்து, அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. கிங்கின் பேச்சு அவர்களுக்குத் தெம்பு கொடுத்தது, சந்தேகமில்லை. ஆனால் வேலைக்குப் போக வேண்டுமே! கார் வைத்திருந்தவர்கள் முறை போட்டு ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரம்மா, இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழியும் கேக்கும் செய்து விற்றுப் பணத்தைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்த பெண்களின் வேலை போய்விடக் கூடாது என்பதற்காக, எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "எங்கிருந்தும் இல்லை" என்பதுதான் பதில். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக அவருடைய சொந்த வேலை போயிற்று. அதற்கப்புறமும் வீட்டிலேயே சமைத்துப் போட்டார்.

கேரளத்து வைக்கத்தில் 1924இல் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று போராடியபோது, பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் வந்து இலவசச் சமையல்கூடம் போட்டார்கள். அதை வேண்டாம் என்றவர் காந்தி. உள்ளூர்க்காரர்கள் தங்கள் காலிலேயே நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இந்த இடத்தில் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை மல்லிகா. ஈரோட்டிலிருந்து பெரியாரும் நாகம்மையும் போய் நின்றார்களே, பெரியார் இரண்டு முறை சிறைக்குப் போனாரே, அது மட்டும் வெளி உதவி இல்லையா? யார் ஊர் தெருவாக இருந்தால் என்ன?

நான் சொல்ல வருவது இதுதான். உட்கார்ந்து போராடினால் எடுபடுமா என்று போராடுகிறவர்களைப் பார்த்தே கேட்டுப் பழகிவிட்டோம். அந்தக் கேள்வி சாலையோரம் நிற்கிற உன்னையும் என்னையும் பார்த்துக் கேட்கப்படுவது. மணிப்பூரில் இரோம் ஷர்மிளா ஆயுதப் படைகள் சிறப்பதிகாரச் சட்டத்தை எதிர்த்து 2000இலிருந்து 2016 வரை சாப்பிடாமல் இருந்தார். மூக்கில் குழாய் விட்டு உயிரைப் பிடித்து வைத்தார்கள். உலகமே புகழ்ந்தது. மறுவருஷம் தேர்தலில் நின்றபோது விழுந்தது 90 ஓட்டு. அதைப் படித்த அன்று நான் அழுதேன். பதினாறு வருஷம் அந்தப் பெண் தன் பங்கைச் செய்துவிட்டாள். மீதிப் பங்கு யாருடையது?

இலங்கையில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு 2017 பிப்ரவரியில் உட்கார்ந்த தாய்மார்களை நினைத்தாலும் எனக்கு இதே கேள்விதான். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே செத்துப் போனார்கள்.

நாம் ஹாஸ்டலில் இருந்தபோது எழும்பூர் பாந்தியன் சாலைக் கோ-ஆப்டெக்ஸில் புடவை எடுப்போமே, அந்தக் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை பெயர். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தமிழ்ப் பெண். தென்னாப்பிரிக்காவில் நம் கல்யாணங்கள் செல்லாது என்ற தீர்ப்பையும் மூன்று பவுன் தலைவரியையும் எதிர்த்து 1913இல் சிறைக்குப் போய், அங்கே பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் இறந்தாள். பதினாறு வயசு. சிறைக்குப் போனதற்கு வருத்தப்படுகிறாயா என்று காந்தி கேட்டதற்கு, இப்போது கைது செய்தாலும் மறுபடி போவேன் என்றாளாம். அவள் பெயருக்குக் கீழே நின்று நாம் பார்டர் நிறம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஒருநாளாவது அவளைப் பற்றிப் பேசியிருக்கிறோமா?

மோர் வாங்கிக் குடித்த அந்த அம்மாவை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் காலையில் குப்பை வண்டியின் விசில் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன், வேறு முகமாக இருக்கிறது.

தீபாவளிக்கு முன்னால் இரண்டு நாள் வாயேன். கோ-ஆப்டெக்ஸுக்கும் போய்வரலாம். வரும்போது உங்கள் ஊர்ப் பாத்திரக்கடையில் பெரிய தூக்காக ஒன்று வாங்கி வா. என்னிடம் இருப்பதில் இருபது பேருக்குத்தான் மோர் காணும்.

அன்புடன்,
சாந்தி